வாய் கழுவும் பாட்டு

என் புருஷன் இக்னேசியஸுக்கு எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரியாது. குழம்பு வாயில் வைக்க நன்றாக இருந்தாலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பார்ப்பார். ஹட்டன் பஸாரில் எங்களுக்கு ஒரு ரெக்கோடிங் கடை இருந்தது. முன்பக்கம் கசெட் விற்பனை, பின்பக்கம் நாலு சுவரிலும் தேயிலைச் சாக்குகளை ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒரு சின்ன அறை. அந்த அறைக்குள் போய்விட்டால் அவர் நம் ஆள் இல்லை. இரண்டு ரெக்கோடர், ஒரு அம்ப்ளிஃபையர், எதிரொலி கூட்டுகிற ஒரு திருகு, இவை இருந்தால் சோறும் வேண்டாம், பெண்டாட்டியும் வேண்டாம்.

எண்பத்திரண்டாம் ஆண்டு தைப் பொங்கல் கழிந்த கையோடு, கப்பலில் வேலை செய்கிற அவருடைய சித்தப்பா மகன் றோலண்ட் ஒரு அமெரிக்க கசெட் கொண்டுவந்து கொடுத்தான். அதில் யாரும் பாடவே இல்லை. பேசினார்கள். மூச்சு விடாமல், ஒருவரை ஒருவர் மட்டம் தட்டிக்கொண்டு பேசினார்கள். பின்னால் ஒரே ஒரு தாளம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. எனக்குத் தலைவலி வந்தது. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தெரேசா, இது நம்ம லாவணி!" என்றார்.

அது உண்மைதான். மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்தார் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று ஒரு கட்சி. தப்பை அடித்துக்கொண்டு பாட்டிலேயே சண்டை பிடிப்பார்கள். அதுதான் லாவணி. காமனில் தொடங்குகிற சண்டை கொஞ்ச நேரத்தில் எதிராளியின் வீட்டுக்குள் போய்விடும். அவன் குடி, அவன் கடன், அவன் பெண்டாட்டி, ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அதற்கு ஒரு முடிவும் வைத்திருந்தார்கள். கடைசியில் இருவரும் காமன் கம்பத்தடியில் உட்கார்ந்து வாய் கழுவும் பாட்டுப் பாடுவார்கள். ஒருவர் செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க, மற்றவர் அதை வாயில் வாங்கிக் கொப்பளித்துத் தரையில் துப்ப வேண்டும். துப்பிவிட்டால் பேசியதெல்லாம் மண்ணோடு போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை, மனசு ஆறாமல் துப்பக் கூடாது. ஆறாமல் துப்பினால் அந்த வார்த்தை இரண்டு வீட்டையும் பிடித்துக்கொள்ளும் என்பார்கள்.

நான் வேதக்காரி. எனக்கு இது வேடிக்கையாகப் படவில்லை. மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கான மனவருத்தம், இல்லாமல் செய்கிற பாவசங்கீர்த்தனம் செல்லாது என்று எங்கள் சாமியாரும் தலைதலையாய் அடித்துக்கொள்வார்.

அந்த மாசியில் றொசல்லைக்கு மேலே உள்ள நெட்டமரத் தோட்டத்தில் இவர் மைக்கைக் கொண்டுபோய் நட்டார். எரிந்த கட்சிக்கு மேல் கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவு, அழகுமுத்து. எரியாத கட்சிக்குக் கீழ் கணக்கு செல்லசாமி. இருவரும் மாமன் மச்சான் முறை. செல்லசாமியின் மகள் லெட்சுமியை அழகுமுத்துவின் மகன் கணேசமூர்த்திக்கு ஆவணியில் கட்டிக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். கொழுந்து பறிக்கும் மலையில் அந்தப் பெண்ணை எல்லோரும் கல்யாணப் பொண்ணு என்றுதான் கூப்பிட்டார்கள்.

அழகுமுத்துவுக்கு மைக் என்றால் என்னவென்று பிறவியிலேயே தெரியும் போலிருக்கிறது. உதடு படுகிற தூரத்தில் வாயை வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் கடித்துத் துப்புவார். செல்லசாமி அப்படி இல்லை. பதிலை எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முறை என்று மைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். அவர் குரலும் தணிந்த குரல். கேட்கிறவன்தான் குனிந்து கேட்க வேண்டும்.

கூத்து சூடேறியபோது அழகுமுத்து இதைப் பாடினார்:

எரியலைன்னு எகிறிக் குதிக்கும் மச்சான் பாரு – அவரு
காம்பராவில் அடுப்பணைஞ்ச கதையைக் கூறு
கோச்சியேறிப் போனவகிட்ட கேட்டுப் பாரு – அங்க
குளிர்காய நெருப்புத் தந்த காமன் யாரு?

சனம் ஓவென்று கத்தியது. செல்லசாமியின் மனைவி மீனம்மா கோச்சி ரயிலேறி இந்தியா போனது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் அவள் தாய் தகப்பனுக்கும் இந்தியப் பாஸ்போட் வந்தது, செல்லசாமிக்கு இலங்கைப் பதிவு கிடைத்தது. ஒரு காம்பராவுக்குள், வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறைக்குள், இரண்டு நாடு. தாய் தகப்பன் நடமாட முடியாத கட்டத்தில் இருந்ததால் அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பி வர வழியில்லாமல் போயிற்று. ஓடிப்போனவள் என்று அவளை ஒரு நாக்கும் அதுவரை சொன்னதில்லை.

செல்லசாமி மைக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மச்சான் முகத்தைப் பார்த்து, தணிந்த குரலில் பாடினார்:

காயிதம்தான் அவளைக் கொண்டு போச்சு மச்சான் – என்
காம்பராவில் அவ வச்ச தணலிருக்கு மச்சான்
ஊதி ஊதி வளத்த மக கையால் நாளை – ஒங்க
வீட்டடுப்பும் எரியப் போவுது பொறு மச்சான்.

கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அழகுமுத்து தப்பைக் கீழே வைத்துவிட்டு மச்சானைக் கட்டிக்கொண்டார். பிறகு முறைப்படி வாய் கழுவினார்கள், இருவரும் துப்பினார்கள். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் இவர் கடைப் பின்னறையில் போட்டுக் கேட்டபோது செல்லசாமியின் பதில் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு சொல் விளங்கியது, ஒரு சொல் விளங்கவில்லை. "இது எடுபடாது" என்று அதை வெட்டி எறிந்தார். அழகுமுத்துவின் நாலு வரிக்கு மட்டும் ராஜ மரியாதை. ஒரு ரெக்கோடரில் தப்புச் சத்தத்தை ஓடவிட்டு, மற்றதில் பிடித்து, நிறுத்தும் பொத்தானை அமுக்கி, பின்னால் சுற்றி, மறுபடி பிடித்து, ஒரே அடியை முடிவில்லாமல் ஓட வைத்தார். அதன்மேல் அந்த நாலு வரி. எதிரொலி கூட்டி ஒரு தரம், கூட்டாமல் ஒரு தரம், 'யாரு? யாரு? யாரு?' என்று கடைசிச் சொல்லை மட்டும் இழுத்து ஒரு தரம். பாட்டுக்குப் பாட்டு நடுவில் அதுவே திரும்பத் திரும்ப வந்தது.

"வாய் கழுவுற பாட்டு எங்கங்க?" என்று கேட்டேன்.

"அது நீளம். பி பக்கத்துல எடமில்ல. யாரு தெரேசா அதக் கேக்கப் போறாங்க?"

வெற்றுக் கசெட் குதிரைக் கொம்பாக இருந்த காலம். கூத்தைப் பிடித்த கசெட்டிலேயே அடுத்த கிழமை ஒரு ஞானஸ்நான வீட்டு வாழ்த்துரையைப் பதிந்துவிட்டார். செல்லசாமியின் பதில் அதோடு போயே போய்விட்டது.

சித்திரை வருஷத்துக்கு வெளிவந்த கசெட் சக்கைப்போடு போட்டது. டிக்கோயா பஸ்ஸில் அது, லிந்துலைத் தேத்தண்ணிக் கடையில் அது, லயத்துக்கு லயம் அது. இவருக்குத் தலை கால் புரியவில்லை. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிற ஆட்கள் அந்த நாலு வரியை முனகிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் கயிறடித்துக் குதிக்கும்போது அதைத்தான் பாடின. மீனம்மாவைக் கண்ணால் பார்த்திராத ஊர்களில் எல்லாம் அவள் ஓடிப்போனவள் ஆனாள்.

வைகாசியில் ஒரு மழை நாள் செல்லசாமி கடைக்கு வந்தார். கம்பளியைக் கழற்றி வாசலில் உதறிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி, அந்த வாய் கழுவுறதையும் போட்டுருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

இவர் தலையைச் சொறிந்தார். "அது அழிஞ்சு போச்சுண்ணே."

"எம் பதிலு?"

"அதுவுந்தான்."

செல்லசாமிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு நான் துப்புனது நெசந்தான் தங்கச்சி. மனசாரத் துப்புனேன். ஒருக்கா திட்டுனாரு, ஒருக்கா துப்புனேன், சரியாப் போச்சு. இப்ப விடிஞ்சா எந்திரிச்சா திட்டுறாரே. இதுக்கு நான் எத்தன தடவ துப்புறது? மக கொழுந்து மலையில பாட்டக் கேட்டுட்டு வந்து சோறு திங்க மாட்டேங்குது. இப்பிடியே அந்த வீட்டுக்கு அத எப்பிடி நான் அனுப்புவேன்?"

இவர் உடனே வழி சொன்னார். வழி சொல்வதில் மனுஷன் கெட்டிக்காரர். இருவரையும் கடைக்கு அழைத்து வாய் கழுவும் பாட்டைப் புதிதாகப் பதிந்து, இரண்டாவது கசெட்டாகப் போட்டுவிடலாம். ஊரே கேட்கும், பேச்சு அடங்கும், கல்யாணம் ஜாம்ஜாமென்று நடக்கும். செல்லசாமி சரியென்று போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வந்தபோது இருவரும் கடை வாசலில் நின்றார்கள். அழகுமுத்துவுக்கு உள்ளபடியே மனக்கஷ்டம். "ஏதோ சபையில சூட்டுல வந்த சொல்லு தங்கச்சி, இப்பிடிக் காலச் சுத்தும்னு யாரு கண்டா?" என்று என்னிடம் புலம்பினார். சாக்கு அறைக்குள் நடுவில் மைக். நான் செம்பும் அலுமினியத் தாம்பாளமும் கொண்டுவந்து வைத்தேன். அழகுமுத்து தப்பைத் தட்டிப் பாடினார். குரல் கம்மியிருந்தது, நன்றாகவே பாடினார். செம்பைச் சாய்த்தார். செல்லசாமி கையைக் குவித்துத் தண்ணீரை வாயில் வாங்கினார். கன்னம் உப்பியபடி தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கடை முன்பக்கத்தில் ரோட்டில் யாரோ ஒருவன் அந்த நாலு வரியைச் சீட்டியடித்துக்கொண்டு போனான்.

செல்லசாமியின் தொண்டை ஏறி இறங்கியது. அவர் துப்பவில்லை, விழுங்கிவிட்டார்.

அழகுமுத்து தலையைக் குனிந்து தப்படித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. இவர் திருகுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பார்த்தது நான் ஒருத்திதான். போகும்போது செல்லசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாத்துட்டீங்க தானே தங்கச்சி? ஆறல. ஆறாமத் துப்புனா எம் மகளத்தான் அது பிடிக்கும். கலியாணத்துக்குள்ள ஆறிரும். அன்னிக்குப் பந்தல்ல, எல்லாரும் பாக்க, நானே செம்பு கேட்டு வாங்கித் துப்புறேன். அதுக்கப்புறம் தாலி கட்டட்டும். அதுவரைக்கும் இந்தக் கசெட்ட வெளிய விட வேணாம்னு தம்பிகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். இவர் கசெட்டைப் போட்டுக் கேட்டார். பாட்டு இருந்தது, தண்ணீர் வார்க்கும் சத்தம் இருந்தது, அதற்குப் பிறகு தப்பைத் தவிர ஒன்றுமில்லை. துப்ப வேண்டிய இடத்தில் ஓர் இடைவெளி. அவருக்கு அந்த இடைவெளி பொறுக்கவில்லை. நான் சந்தைக்குப் போய்வருவதற்குள் வேலையை முடித்துவிட்டார். திரும்பி வந்தபோது பின்னறையில் தாம்பாளம் ஈரமாக இருந்தது.

"கேளு" என்று போட்டுக் காட்டினார்.

தண்ணீர் வார்க்கிற சத்தம். பிறகு கொப்பளிக்கிற சத்தம். பிறகு 'தூ' என்று துப்பி, தகட்டில் தண்ணீர் சிதறுகிற சத்தம். அதற்குக் கொஞ்சம் எதிரொலியும் கொடுத்திருந்தார். கேட்கிறவனுக்குச் செல்லசாமி மனசாரத் துப்பியதுபோலவே இருக்கும். அதன்பின் தப்பு மட்டும் நீளமாக ஓடியது. அதுவும் ஓய்ந்துவிடும் என்று பார்த்தால், கடைசியில் திடீரென்று 'எரியலைன்னு எகிறிக் குதிக்கும் மச்சான் பாரு.'

"இது எதுக்கு இங்க?" என்று கத்தினேன்.

"சனம் இதுக்குத் தானே தெரேசா காசு குடுக்குது? கடைசியில சும்மா சூடா முடியட்டுமேன்னு..."

"துப்பாதவரத் துப்புனாருன்னு போட ஒங்களுக்கு என்னா நெஞ்சழுத்தம்?"

"நல்லதுக்குத் தானே செஞ்சேன்? ஊரு சமாதானமாப் போவுதுல்ல?"

அன்று எங்கள் வீட்டில் நடந்த சண்டையை எந்த மைக்கும் தாங்கியிருக்காது. கடைசியில், கல்யாணம் முடியும்வரை அந்தக் கசெட் வெளியே போகாது என்று மாதாவின் பேரில் சத்தியம் செய்து கொடுத்தார். எனக்கு ஒரு சத்தியம், வியாபாரத்துக்கு ஒரு சத்தியம் போலிருக்கிறது. ஆடி முடிவதற்குள் றொசல்லை ஸ்டேஷன் கடையில் அது தொங்குவதைக் கண்ணால் கண்டேன்.

அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமாயிற்று. முன்பு அந்த நாலு வரியைச் செல்லசாமி காதுபடப் பாடக் கூசினவர்களும் இப்போது கூசவில்லை. அவர்தான் துப்பிவிட்டாரே, இனி என்ன? அவர் முகத்துக்கு நேரே பாடிச் சிரித்தார்கள், முதுகில் தட்டினார்கள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையில் அவர் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டாவது கசெட்டை அவர் கேட்டிருக்க வழியில்லை. எங்கு பாட்டுப் போட்டாலும் எழுந்து போய்விடுவார். பார்க்கப் போனேன். "ஆறிருச்சாண்ணே?" என்றேன். "ஆறிரும்" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. லெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்து தணலை ஊதிக்கொண்டிருந்தாள். கசெட்டில் இருப்பது அப்பா துப்பியது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் புதுச்சேலையைக் கொண்டுவந்து காட்டினாள். சேலை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆவணி முகூர்த்தத்தன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. கீழ் கணக்கு லயத்துக்கு முன்னால் பந்தல். ஒலிபெருக்கி எங்கள் கடையுடையது; பந்தல் மூலையில் இவர் அம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்திருந்தார். சாமி பாட்டு மட்டும் போடச் சொல்லியிருந்தேன். லெட்சுமியும் கணேசமூர்த்தியும் மாலையோடு மணையில் இருந்தார்கள். செல்லசாமி வெள்ளை வேட்டியில் ஒரு செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் செம்பைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேல் கணக்குப் பெடியன்கள் சிலர் இவரிடம் போய், "அண்ணே, நம்ம சம்மந்திமாரு பாட்டப் போடுங்க, வாய் கழுவுறது, கலியாணத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்றார்கள். இவருக்கு யாராவது அவருடைய வேலையைக் கேட்டுவிட்டால் போதும். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் போட்டுவிட்டார்.

அழகுமுத்துவின் பாட்டு பந்தலில் நிறைந்தது. பெரியவர்கள் தலையாட்டினார்கள். தண்ணீர் வார்க்கும் சத்தம். கொப்பளிக்கும் சத்தம். 'தூ.'

செல்லசாமி நிமிர்ந்தார். "அது யாரு?" என்றார்.

ஒலிபெருக்கியில் தப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் துப்பல. எனக்காகத் துப்புனது யாரு?"

சிலர் சிரித்தார்கள். "மாமாவுக்கு மறந்து போச்சு" என்றான் ஒருவன். "கசெட்டுலேயே இருக்கு, இல்லங்கிறாரே!" என்றான் இன்னொருவன். அழகுமுத்து எழுந்து வந்து, "மச்சான், நான் தானே தண்ணி வாத்தேன்? ஒங்க சத்தம் கேக்குதே" என்றார். அவர் கேலி செய்யவில்லை. மெஷின் சொல்வதை நம்பினார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் அதையே நம்பினார்கள். செல்லசாமி ஒருவரும் நம்பாத ஆளாக நடுவில் நின்றார்.

லெட்சுமி மணையிலிருந்து என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க அந்த ரூமுக்குள்ள இருந்தீங்க தானே? எங்கப்பா துப்புனாரா?"

மூலையிலிருந்து இவரும் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். கடை, பெயர், பிழைப்பு எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா" என்றேன். "அப்பா துப்பல. அது எங்க வீட்டுக்காரரு துப்புன சத்தம்."

பந்தலில் சிரிப்பு நின்றது. அழகுமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. அவர் குனிந்து அந்தச் செம்பை எடுத்தார். "மச்சான், நான் பேசுனது தப்புத்தான். மீனம்மா தங்கச்சி கால்ல விழ வேண்டியவன் நான். இப்பத் துப்பிருங்க" என்று சொல்லிச் சாய்த்தார்.

செல்லசாமி இரண்டு கையையும் குவித்தார். வாய் நிறைய வாங்கினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறுகியிருந்த தாடை மெல்ல இளகியது, கண் கலங்கியது. அவர் மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மண்ணைப் பார்த்துக் குனிந்தார். ஆறிவிட்டது. மாதாவே, ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் தப்பு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதும், அடுத்து வரப்போவது என்ன என்பதும் எனக்கு உறைத்தது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். இவர் என்னையே வெறித்துப் பார்த்தபடி இருந்தார். நான் சொன்னதிலிருந்து அவர் மீண்டிருக்கவில்லை. கை பொத்தானுக்குப் போகவே இல்லை.

எரியலைன்னு எகிறிக் குதிக்கும் மச்சான் பாரு. ஒலிபெருக்கி அலறியது. பந்தலுக்கு வெளியே மழையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள், உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாமல், வழக்கம்போலக் கூடச் சேர்ந்து பாடினார்கள். கோச்சியேறிப் போனவகிட்ட கேட்டுப் பாரு. யாரு? யாரு? யாரு?

செல்லசாமி நிமிர்ந்தார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் தொண்டை ஏறி இறங்கியது.

தாலித் தட்டைத் தூக்கிய பூசாரி அதைத் திரும்பக் கீழே வைத்தார். லெட்சுமி மாலையைக் கழற்றி மடித்து மணையில் வைத்துவிட்டு எழுந்துபோய், அப்பாவின் ஈரமான கையைத் தன் புதுச்சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். இருவரும் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.